நாலாவது கூண்டு

தவமணி வலது கையைக் கூண்டுக்குள் விட்டபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. கூண்டு வாயில் தைத்திருந்த துணிக்குழாயின் நாடாவை இடது கையாலும் பல்லாலும் இழுத்து முழங்கைக்கு மேலே முடிந்துகொண்டாள். பத்தொன்பது வருஷமாகப் போடுகிற முடிச்சு, அதற்கு மூளையே வேண்டாம். பதினொன்றரை வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், கையை ஆட்டக் கூடாது, அவ்வளவுதான் வேலை. வெளியே சேலத்து வெயில் கொளுத்திக்கொண்டிருக்கிறது, இந்த அறைக்குள் மட்டும் அந்தி. மலேரியாவைத் தூக்கிக்கொண்டு திரிகிற இந்தக் கொசு இனம் இருட்டினால்தான் கடிக்க வரும். ஆனால் கொசு ஆய்வு நிலையத்து ஆட்களுக்கு மாலை ஐந்தரைக்குப் பஸ். அதனால் ராத்திரி முழுக்க இங்கே குழல்விளக்கு எரியும், காலை பத்து மணிக்கு அதை அணைத்துவிட்டு ஒரே ஒரு சிவப்பு பல்பைப் போட்டுவிடுவார்கள், கொசுக்களும் ஏமாந்துபோய்ப் பொழுது சாய்ந்துவிட்டது என்று கிளம்பும். ஆட்களின் பஸ்ஸுக்காக ராத்திரியையே நகர்த்தி வைத்திருக்கிறோமே என்று புதிதில் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை, தூக்கம்தான் வருகிறது. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் கிடையாது. முதல் ஆள் வந்துவிட்டாள், மணிக்கட்டுக்கு மேலே, தலையைக் குத்தி வாலைத் தூக்கிக்கொண்டு. இரண்டாவது, மூன்றாவது. எண்ணுவதைத் தவமணி எப்போதோ விட்டுவிட்டாள். முதல் பத்துப் பேர் கடிப்பது தெரியும், அதற்குப் பிறகு கை முழுக்க ஒரே எரிச்சல், அதுவும் போகப்போகத் தன்னுடையது இல்லை என்பது மாதிரி ஆகிவிடும். நல்லாக் குடிங்கடி, என்று மனசுக்குள் சொன்னாள். உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. மூன்று கூண்டு செத்துப்போயிற்று, நீங்கள் நாலாவது, கடைசி. நீங்கள் ரத்தம் குடித்து முட்டை வைத்தால்தான் தட்டில் புழு, புழு இருந்தால்தான் அடுத்த தலைமுறை. நீங்களும் போனால் இருபத்திரண்டு வருஷத்து வம்சம் போச்சு.

வம்சம் என்றால் ஊர் சிரிக்கும். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது யாராவது கேட்காத நாள் இல்லை, ஏங்க்கா, கொசு வளக்கிற ஆபீசுலதான வேல, எங்க வீட்டுக்கு வாங்க, சாக்குல கட்டித் தர்றோம். அவளும் சிரித்துவைப்பாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் காய்க்காரம்மா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவாள். எவ்வளவு நேரம் ஆகும் சொல்ல? அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டு மாடித் தொட்டியில் அவளே ஏணி போட்டு ஏறி வடிகட்டிக்கொண்டு வந்த புழு இது. அப்போது இளவரசி வயிற்றில் ஆறு மாசம், ஏறாதே என்று கீழே நின்று தறிக்காரர் மனைவி கத்தினாள். அன்றைக்கு வந்தவற்றின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், முந்நூறு தலைமுறைக்கு மேல் இருக்கும், ஒன்றுகூட மருந்து வாசனையே பார்த்தது கிடையாது. அதுதான் இவற்றின் பெருமை. எந்த ஊரிலாவது மருந்து அடித்தும் கொசு சாகவில்லை, காய்ச்சல் நிற்கவில்லை என்று தகவல் வந்தால், அந்த ஊர்க் கொசுவையும் இதையும் மருந்து தடவிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்ப்பார்கள். இது செத்து அது சாகாவிட்டால் அந்த ஊர்க் கொசு மருந்துக்குப் பழகிவிட்டது, வேறு மருந்து எடு. இரண்டுமே சாகாவிட்டால் மருந்துதான் போலி. இது இல்லையென்றால் எது எதென்று யாருக்கும் தெரியாது, காய்ச்சல் பாட்டுக்குக் காய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவையும் கத்திரிக்காய்க்கு நடுவில் சொல்ல முடியுமா? முழங்கைக்குக் கீழே ஒருத்தி வயிறு நிறைந்து, குடித்துக்கொண்டே பின்னால் சொட்டுச் சிவப்பை விட்டாள். ஆசைக்காரி. இவர்களுக்கு எப்போதும் கொள்ளுவதைவிடக் கூடுதல் வேண்டும். மணி பதினொன்று பதினாலு. நாலு நிமிஷம்தானா ஆகியிருக்கிறது? கண் செருகியது. விரலிடுக்கில் அரித்தது, சொறிய முடியாது, இடது கையிலும் அரித்தது, அதைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் மரகதம் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு ஒன்றும் இல்லை, தட்டெல்லாம் வெறும் தட்டுதான், சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று கழுவியதையே கழுவுகிறாள். ஒப்பந்தக்காரன் அனுப்பி இங்கே வந்தவள், பதினாலு வருஷம் ஆகிறது. நாய் பிஸ்கட்டையும் ஈஸ்டையும் அரைத்துப் புழுக்களுக்குத் தூவுவது, தண்ணீர் மாற்றுவது, தரை துடைப்பது எல்லாம் அவள்தான். ஆனால் வியாழக்கிழமையிலிருந்து உள்ளே வரக் கூடாது. ஜெயசீலன் சார் சொல்லிவிட்டார். அவர்தான் இங்கே தலைமை விஞ்ஞானி, கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, ஆனால் எதற்கும் ஒரு காரணம் கையில் இருந்தாக வேண்டும் அவருக்கு. திங்கள் காலையில் இரண்டு கூண்டும் வியாழன் காலையில் மூன்றாவதும் போனதும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார், மோந்து மோந்து பார்த்தார், கடைசியில் மரகதத்தின் தலையை மோந்தார். சாம்பிராணி. செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளித்துவிட்டுப் புகை காட்டிக்கொண்டு வருகிற வழக்கம் அவளுக்கு, கூந்தல் இன்னும் முட்டி வரைக்கும் இருக்கிறதே. இந்தக் கட்டடத்தில் ஆயுத பூஜைக்குக்கூட ஊதுபத்தி கிடையாது. கூண்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சுண்டல் வைப்பார்கள், சூடம் காட்டுவது கேட்டுக்கு வெளியே. அப்படிப்பட்ட இடத்துக்குத் தலை நிறையப் புகையோடு வந்தால்? "ரெண்டு வாரத்துக்கு அவங்க உள்ள வர வேண்டாம், தவமணிம்மா. நாலாவது கூண்டு பிழைச்சுதுன்னா காரணம் அவங்கதான்னு தெரிஞ்சிடும். வேற ஆள் கேட்டுக்கலாம். செத்துப்போச்சுன்னா அவங்க இல்ல. சிம்பிள்." மரகதம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். "பதினாலு வருசமா இதே தலதானுங்க சார்," என்றாள் மரகதம். அன்றிலிருந்து தினமும் காலையில் வருகிறாள், மரத்தடியில் உட்காருகிறாள், தவமணி அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். தவமணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புருஷன் இல்லாதவள், பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். இந்த வயதில் வேறு எங்கே போவாள்? பாவம், என்று நினைத்தாள் தவமணி, நினைத்ததோடு சரி. சாரிடம் பேசியிருக்கலாம். பேசத் தெம்பு இல்லை. ராத்திரி தூங்கினால்தானே பகலில் பேச.

எல்லாம் இந்த அரிப்பு. இளவரசி நர்சிங் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது கூடவே கொண்டு வந்தாள். முதலில் அவளுக்கு, பிறகு அவளுடைய அப்பாவுக்கு. தவமணிக்கு எப்போது வந்தது என்றே தெரியாது, வருஷம் முந்நூறு நாள் கை அரிக்கிறவளுக்கு எந்த அரிப்பு எதனால் என்று எப்படித் தெரியும்? டாக்டரம்மா விரலிடுக்கைப் பார்த்துவிட்டு, "சொறிதான். வீட்ல எல்லாருக்கும் சேத்துப் பாக்கணும்," என்றாள். வெட்கமாக இருந்தது. பூச்சி ஆபீஸில் வேலை பார்க்கிறவள் வீட்டில் சொறிப் பூச்சி. ஆபீஸில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா பூசிக்கொள்ள லோஷன் கொடுத்தாள், கழுத்திலிருந்து கால்வரை. தவமணி எல்லா இடத்திலும் பூசினாள், வலது கையை மட்டும் விட்டுவிட்டாள். அது கொசுக்களின் கை. அதில் சோப்பே போடமாட்டாள், வெறும் தண்ணீர்தான். அதில் போய் மருந்தைப் பூசினால் என்னவாகும்? அந்த அரிப்பிலும் தனக்கு அந்த நினைப்பு இருந்ததே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. சிவப்பு வெளிச்சத்தில் கூண்டின் மேல்வலையைப் பார்த்தாள். ஆண்கள் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தார்கள், மீசையும் தாங்களுமாக. ரத்தத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, சர்க்கரைத் தண்ணீர் போதும். செத்த கூண்டுகளிலும் இப்படித்தான் மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் பெண்கள் கும்பலாகக் கிடந்தார்கள், கூட்டி எடுத்தாள், இவர்கள் பாட்டுக்கு மேலே. இவர்கள் பாட்டுக்கு மேலே. தவமணியின் நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டது. சாம்பிராணிப் புகை ஆண் பெண் பார்க்குமா? புகை என்றால் எல்லாமே அல்லவா விழ வேண்டும்? கூட்டி எடுத்த குப்பையில் ஒரு மீசைகூட இல்லையே. தூக்கக் கலக்கத்தில் கூட்டினாள், கூட்டிக் கொட்டினாள், சாரிடம் எத்தனை என்று சொன்னாள், ஆணா பெண்ணா என்று அவரும் கேட்கவில்லை இவளும் சொல்லவில்லை. குடித்தவை செத்தன. குடிக்காதவை இருக்கின்றன. என்ன குடித்தன? அவள் ரத்தம். அவள் ரத்தத்தில் என்ன? லோஷன் மட்டுமா கொடுத்தாள் டாக்டரம்மா? மாத்திரை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்று. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இன்னொன்று நேற்று ராத்திரி.

அட்டையின் பின்பக்கத்தில் பெயர் இருந்தது. ஐவர்மெக்டின். படித்தாள்தான். படித்து, சொறி மாத்திரை என்று மனசில் எழுதிக்கொண்டு வாயில் போட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெயசீலன் சார் இதே கட்டடத்து மீட்டிங் ஹாலில் அந்தப் பெயரைத் திரையில் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். இந்த மாத்திரை சாப்பிட்டவரைக் கடித்த மலேரியாக் கொசு இரண்டு மூன்று நாளில் செத்துவிடும், இப்படிச் சில நாட்கள் வரைக்கும் ரத்தத்திலேயே விஷமாக ஓடும் என்று. புரொஜெக்டரைப் போட்டது யார்? தவமணி. டீ சொன்னது யார்? தவமணி. தினமும் கூண்டைத் தொடுமுன் நோட்டில் ஒரு கேள்வி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, மருந்து எடுத்தீர்களா. இல்லை, இல்லை. பத்தொன்பது வருஷமாக மேலே உள்ளதற்குக் கீழே, அதேதான் என்று, இரண்டு புள்ளி வைத்துப் புள்ளி வைத்து வருகிறாள், இன்றைக்கும் வைத்தாள், செத்த கூண்டுகளுக்குள் கையை விட்ட போன சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வைத்தாள். வெளியே பூசுகிறதற்கு அத்தனை ஜாக்கிரதை பார்த்தவள் உள்ளே விழுங்குகிறதைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் அப்பிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள், நேற்று ராத்திரி விழுங்கியதைச் சூட்டோடு சூடாக. எடு, கையை எடு. மணி பதினொன்று பத்தொன்பது.

எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான், அலுப்பு. கை அங்கே இருந்தது, அவள் இங்கே இருந்தாள், நடுவில் ஒரு நாடா. எடுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது. எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேறு யார் கையையாவது விடச் சொன்னால் கூண்டு பிழைக்கும். கூண்டு பிழைத்தால் சாம்பிராணிதான் காரணம், மரகதம் போக வேண்டியதுதான். எடுக்காவிட்டால்? திங்கட்கிழமை பெண்களெல்லாம் அடியில் கிடப்பார்கள். மரகதம் மூன்று நாளாக வெளியே இருக்கிறாள், கூண்டு செத்துவிட்டது, அவள் குற்றமில்லை, சிம்பிள். உள்ளே வா மரகதம் என்பார் சார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதைவிடச் சுலபமாக ஒருத்திக்கு நல்லது செய்ய முடியுமா? எழுந்திருக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். ரிடையர்மென்டுக்கு ஏழு மாசம். சால்வை போடுவார்கள், கொசுக்களின் தாய் என்று எவனாவது மைக்கில் சொல்வான், எல்லாரும் கைதட்டுவார்கள். போகிறது கொசுதானே. உலகத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், ஒரு டப்பா கொசுவுக்காகவா இத்தனை பாடு? தறிக்காரர் வீட்டு ஏணி நினைப்புக்கு வந்தது, அதை ஓரமாகத் தள்ளினாள். மணி பதினொன்று இருபத்து மூன்று. பயமாகவும் இருந்தது. நோட்டில் பொய் எழுதியிருக்கிறாள் என்றால் விசாரணை வைப்பார்கள், மெமோ, எழுதிக் கொடு, ஏன் புள்ளி வைத்தாய். சொறி என்று எழுத வேண்டும். டைப் அடிக்கிற பையன்கள் வரைக்கும் படிப்பார்கள். சொல்லாவிட்டால் நிம்மதி. அப்படியா? திங்கட்கிழமை கூட்டி எடுக்கும்போது ஆச்சரியப்பட்ட மாதிரி முகம் வைக்க வேண்டும். சார் அடுத்த காரணம் தேடுவார், தண்ணீரைச் சோதிப்பார், துணியைச் சோதிப்பார், கூடவே இவளும் தேட வேண்டும், இருக்குமோ சார் என்று சொல்ல வேண்டும். மரகதம் வந்து, நல்ல வேளை தப்பிச்சேங்க்கா என்பாள், அதற்குச் சிரிக்க வேண்டும். ஏழு மாசம் தினமும் அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டும், லீவு இல்லாமல், ஒரு நாள் மறந்தாலும் செத்துவிடும். இன்னொன்றை வளர்க்க அவளால் ஆகாது. நியாயம், உண்மை என்றெல்லாம் பெரிய வார்த்தை எதுவும் அவள் மனசில் வரவில்லை, முடியாதுப்பா என்றுதான் வந்தது. நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள். கையை மெல்ல உதறினாள், வயிறு கனத்தவர்கள் பறக்க முடியாமல் பொத்துப்பொத்தென்று அடியில் விழுந்தார்கள். வலையில் பாதிப்பேருக்கு மேல் இன்னும் பசியோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று இருபத்தாறு.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. மரகதம் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "என்னங்க்கா, அதுக்குள்ள எடுத்துட்டீங்க? கடிக்கலியா?" தவமணி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், சொறி, மாத்திரை, இரண்டு வெள்ளிக்கிழமை, மூன்று கூண்டையும் கொன்றது நான்தான். சொல்லச்சொல்லவே போனை எடுத்து, மரகதத்துக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டு, சாரைக் கூப்பிட்டு அதையே மறுபடியும் சொன்னாள். ஈரோட்டில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னால் மேளம் கேட்டது. அவர் நடந்து தள்ளிப் போகப்போக மேளம் தேய்ந்தது. "நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?" "இல்லைன்னு சார். இன்னைக்கும்." "குடிக்காதது எத்தனை இருக்கும்?" "பாதிக்கு மேல இருக்கும் சார்." "குடிச்சதையெல்லாம் உடனே பிரிங்க. மத்ததுக்கு இன்னைக்கே ரத்தம் குடுக்கணும். லீவு நாள்ல யார் இருக்கா அங்க?" "மரகதம் இருக்கா." "அவங்கள... கேட்டுப் பாருங்க," என்றார், குரல் இறங்கிப்போயிருந்தது. "எம்மேல தப்புன்னு சொல்லுங்க." போனை வைத்துவிட்டார். மரகதம் தவமணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொப்புளம் கொப்புளமாகத் தடித்துக் கிடந்தது. "மூணு நாளா இங்க உக்காந்திருக்கேன்," என்றாள். "தண்ணி குடிக்கக்கூட உள்ள வரலைங்க்கா. தெனம் என்னத் தாண்டித்தான போனீங்க." "ஆமா." "உங்களுக்கு எப்பத் தெரியும்?" இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய் ஆகாது. "பதினொண்ணு பத்தொம்போதுக்கு," என்றாள் தவமணி. மரகதம் உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். "எடுத்தது?" "இருவத்தாறுக்கு." "ஏழு நிமிசமா என்ன பண்ணுனீங்க?" "உக்காந்திருந்தேன்." மரகதம் குனிந்து, கழுவின தட்டையே எடுத்து மறுபடியும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். கையைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமலே தவமணி உள்ளே திரும்பினாள். சிவப்பு பல்பின் கீழே அதே நாற்காலியில் உட்கார்ந்து, கொசு பிடிக்கிற, நடுவில் வலை வைத்த உறிஞ்சுகுழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைக் கூண்டுக்குள் விட்டு, வயிறு சிவந்தவர்களை ஒவ்வொருத்தியாக மூச்சால் உறிஞ்சி ஒரு கிண்ணத்துக்கு மாற்றினாள். இவர்கள் திங்கட்கிழமை இருக்கமாட்டார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது. எண்ணுவதை விட்டவள் இன்றைக்கு எண்ணினாள். வெளியே தண்ணீர்க் குழாயை மூடிய சத்தம் கேட்டது. பிறகு கதவு. மரகதம் ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, ஈரக் கை சொட்டச்சொட்ட வந்து பக்கத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்திரிங்க," என்றாள். "நான் உக்காரணும்."

தவமணி எழுந்து இடம் விட்டாள்.